ஓபி முடிந்த பிறகு ஆய்வு: இளம் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது பிஜி (முதுகலை மருத்துவ மாணவர்) பேட்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆனதும் என் அறை வாசலில் ஒரு சின்னக் கூட்டம் நிற்க ஆரம்பிக்கும். "மேடம், தீசிஸுக்கு ஈஸியா ஒரு டாபிக் சொல்லுங்க." வருடா வருடம் இதே வசனம்தான். எனக்குச் சிரிப்பு வராது. நானும் ஒரு காலத்தில் இன்னொருவர் வாசலில் நின்று இதையே கேட்டவள். ஈஸியான டாபிக்கும் கிடைத்தது. மூன்று வருடம் உயிரை எடுத்தது.

தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் கடைசி வருடத்திலோ, ஹவுஸ் சர்ஜனாகவோ, பிஜியாகவோ, புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியராகவோ இருந்துகொண்டு, "நோயாளியையும் பார்க்கணும், ஆராய்ச்சியும் செய்யணும்" என்று நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பொது மருத்துவத்தில் எம்.டி. வார்டு, ஓபி, வகுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் ஆய்வு செய்து பழகியவள். எலி, செல் என்று ஆய்வகத்துக்குள் போகும் பாதை வேறு. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வு எனக்குத் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

கேள்வியை வார்டில் தேடுங்கள்

சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டு வாங்குங்கள். ரவுண்ட்ஸில் "ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்டு, "எப்பவும் இப்படித்தான்" என்ற பதில் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் முப்பது வரி சேரும். பெரும்பாலானவற்றுக்குப் பாடப்புத்தகத்திலேயே பதில் இருக்கும்; அது தெரியாமல் போனது நம் குறை. மிச்சத்தில் சிலவற்றுக்கு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் பதில் கிடைக்கும். கடைசியில் இரண்டு மூன்று வரிகள் பதில் இல்லாமல் நிற்கும். உங்கள் டாபிக் அங்கே இருக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். நம் நாட்டில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் கனவில்கூடக் கிடையாது. மாத்திரையைக் கொடுத்து வீட்டில் வைத்தே பார்த்தால் என்ன ஆகும்? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வழியாகப் போகும்போது ஒரு தடவை நின்று பாருங்கள்.

இன்னொன்று மதுரையிலிருந்து. வயல் வேலை செய்பவர்களுக்குக் கண்ணில் நெல், செடி, மண் பட்டு, பூஞ்சைப் புண் வருவது தென்மாவட்டக் கண் மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. பழைய சொட்டு மருந்து நாட்டமைசின். புதிதாக வந்தது வோரிகோனசோல். புதியது நல்லதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ குழுவும் சேர்ந்து 323 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. பழைய மருந்தே ஜெயித்தது, அதிலும் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. தினமும் ஓபியில் கை தானாக எழுதும் ஒரு மருந்துச் சீட்டிலிருந்து பிறந்த கேள்வி அது.

கேள்வி கிடைத்துவிட்டால் அதைச் சுருக்குங்கள். "சர்க்கரை நோயாளிகளின் கால் புண்" என்பது ஒரு புத்தகத்தின் அத்தியாயத் தலைப்பு. யாரை, என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்க்கப் போகிறீர்கள்? இந்த நான்கையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "கால் புண்ணோடு அட்மிட் ஆகும் சர்க்கரை நோயாளிகளில், முதல் நாளே ரத்த ஓட்டத்தைக் கருவியால் அளந்தவர்களுக்கும் கையால் நாடி பார்த்தவர்களுக்கும் நடுவில், மூன்று மாதத்தில் விரலோ காலோ எடுக்க வேண்டி வந்தவர்களின் எண்ணிக்கை வேறுபடுகிறதா?" இதைச் செய்ய முடியும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதாவது தெளிவாகத் தெரியும்.

எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 1979இலிருந்து நடத்தும் குறுகியகால மாணவர் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, எஸ்டிஎஸ் என்றால் சீனியர்களுக்குத் தெரியும். ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் இரண்டு மாதம் ஒரு சின்ன ஆய்வைச் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. பணத்துக்காக இல்லாவிட்டாலும், ஒரு முன்மொழிவை எழுதி, நிராகரிக்கப்பட்டு, திருத்தி எழுதும் அனுபவம் இருபது வயதிலேயே கிடைக்கிறது. எனக்கு அது முப்பதில்தான் கிடைத்தது.

கைடு யார், வழிகாட்டி யார்

பிஜி தீசிஸுக்குக் கைடைத் துறை ஒதுக்கும். அதில் நமக்குப் பெரிய தேர்வு இல்லை. ஆனால் கைடு ஒருவர், ஆய்வு சொல்லித்தருபவர் இன்னொருவர் என்று இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) துறையில் கதவைத் தட்டுங்கள். மற்ற துறையினர் அவர்களை "ஃபீல்டு விசிட் போறவங்க" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆய்வு முறையியல் தெரிந்தவர்கள் கல்லூரியில் அவர்கள்தான்.

ஒருவர் நல்ல வழிகாட்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயருக்குப் பின்னால் எத்தனை பேப்பர் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அவரோடு வேலை செய்த கடைசி மூன்று பிஜிக்களைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தந்தார்? பேப்பரில் உங்கள் பெயர் எத்தனையாவதாக வந்தது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது முகத்தையும் பாருங்கள்.

டாபிக் கேட்டு வாசலில் நிற்பதைக் கிண்டல் செய்தேன், ஆனால் கேட்டு வாங்கிய டாபிக்கிலும் சரித்திரம் நடந்திருக்கிறது. 1985 கடைசியில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் தீசிஸுக்கு எய்ட்ஸ் கிருமியைத் தேடச் சொன்னார். இந்தியாவில் அந்த நோயே இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார், வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார், கணவரோடு ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். 1986இல் அங்கே நடந்த சோதனையில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் தெரியவந்தன. ஒரு பிஜி தீசிஸ், ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கையைத் திருப்பியது. ஆசிரியர் கொடுத்த தலைப்புதான். ரயில் ஏறிப் போனது மாணவி.

படிக்க வேண்டியது

ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், அதாவது அயப்பாக்கத்தில் இருக்கும் என்ஐஇ, உருவாக்கிய உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பை ஆன்லைனில் முடிப்பது பிஜிக்களுக்கு இப்போது கட்டாயம். பிசிபிஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சான்றிதழுக்காக வீடியோவை ஓடவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சின்னச் சின்ன வகுப்புகள்தான், நம் சூழலுக்கு ஏற்ற உதாரணங்களோடு இருக்கும். சினாப்சிஸ், அதாவது தீசிஸின் திட்டச் சுருக்கம், எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முடித்தபின் எழுதும் சினாப்சிஸும் முடிக்காமல் எழுதும் சினாப்சிஸும் முதல் பக்கத்திலேயே தனியாகத் தெரியும்.

வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடக் கூடாது. செய்முறைப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். முழுக் கட்டுரை கிடைக்கவில்லை என்பது இனி பெரிய சாக்கு இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரிக்கு அந்த இணைப்பு வந்துவிட்டதா என்று லைப்ரரியனைக் கேளுங்கள். அப்படியும் கிடைக்காத கட்டுரைக்கு அதை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தன் பேப்பரை ஒருவர் கேட்கிறார் என்பதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

படித்ததைச் சேர்த்துவைக்க ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். மேற்கோள் பட்டியலைக் கையால் வரிசைப்படுத்தும் வேலையை நான் ஒரு முறை செய்திருக்கிறேன், எதிரிக்கும் வேண்டாம். அப்புறம், ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு வாங்கிய மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். எழுதியவர் பெயர், ஜர்னல் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது.

எத்தனை நோயாளிகள்

இங்கேதான் பாதித் தீசிஸ்கள் கவிழ்கின்றன, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எல்லோரும் ஒப்பிக்கும் சூத்திரம் இது: நான்கு பெருக்கல் பி பெருக்கல் கியூ, வகுத்தல் டி ஸ்கொயர். பி என்பது நீங்கள் எதிர்பார்க்கும் விகிதம். கியூ என்பது நூறில் பி போக மிச்சம். டி என்பது எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது. உங்கள் வார்டில் இதய செயலிழப்போடு வருகிறவர்களில் 20 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கும் என்று முந்தைய ஆய்வுகளிலிருந்து எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடை 15க்கும் 25க்கும் நடுவில் இருந்தால் போதும் என்றால் டி 5. அப்போது 4 × 20 × 80 ÷ 25 = 256 பேர் வேண்டும். இல்லை, 18க்கும் 22க்கும் நடுவில் துல்லியமாக வேண்டும் என்றால் டி 2. எண்ணிக்கை 1,600 ஆகிவிடும். துல்லியத்துக்கு அப்படி ஒரு விலை.

சரி, 256 என்று முடிவு செய்தாயிற்று. இனி யாரும் போடாத கணக்கு ஒன்றைப் போடுங்கள். வார்டு அட்மிஷன் ரிஜிஸ்டரைப் போன மூன்று மாதத்துக்குத் திறந்து பாருங்கள். தகுதியான நோயாளிகள் வாரத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? நான்கு பேர் என்றால் 64 வாரம். நான்கில் ஒருவர் சம்மதிக்க மாட்டார், அல்லது நீங்கள் நைட் டூட்டி முடிந்து போன நேரத்தில் வந்து டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். அப்போது வாரத்துக்கு மூன்று பேர், 85 வாரத்துக்கு மேல். பிஜிக்கு இருப்பது 36 மாதம். சினாப்சிஸும் எத்திக்ஸ் அனுமதியும் வாங்க முதல் ஆறு மாதம் போகும். மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு மூன்று மாதம். எழுதவும் பரீட்சைக்குப் படிக்கவும் கடைசி ஆறு மாதம். மிச்சம் 21 மாதம், ஏறத்தாழ 90 வாரம். நூலிழையில் தப்பிக்கிறீர்கள். இடையில் டெங்கு சீசன் வரும், கல்யாணம் வரும், காய்ச்சலும் வரும்.

என் தீசிஸில் நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. தேவைப்பட்ட நோயாளிகளில் பாதிப் பேர்கூடச் சேரவில்லை. கடைசி நான்கு மாதம் தினமும் கேஷுவாலிட்டி வாசலில் நின்று, "இப்படி கேஸ் வந்தா கூப்பிடுங்க" என்று ஹவுஸ் சர்ஜன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புள்ளியியலாளரை டேட்டா சேர்த்த பிறகு பார்க்கப் போகாதீர்கள். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1938இல் கல்கத்தாவில் நடந்த புள்ளியியல் மாநாட்டில் சொன்னதன் சாரம் நமக்கு நன்றாகப் புரியும்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் போவது பிரேதப் பரிசோதனைக்குக் கேட்பது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வார். ஆய்வு தொடங்கும் முன்பே காலி அட்டவணைகளை வரைந்துகொண்டு போங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண் வரப்போகிறது என்று தெரிந்தால், எதைச் சேகரிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். எங்கும் இடம் பிடிக்காத கேள்விகளைப் புரொஃபார்மாவிலிருந்து (டேட்டா சேகரிக்கும் படிவத்திலிருந்து) தூக்கிவிடலாம். நோயாளிக்கும் நிம்மதி.

எத்திக்ஸ் கமிட்டி

ஆய்வில் சேரும் நோயாளிக்கு அநியாயம் நடக்காதா என்று பார்த்து அனுமதி தரும் குழு இது. எல்லோரும் இதைச் சுங்கச்சாவடி மாதிரி நினைக்கிறார்கள். நிர்மலாவின் கதைக்கே ஒரு முறை திரும்பிப் போவோம். எதைத் தேடி ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்கு அப்போது சொல்லப்படவில்லை. நிர்மலா கையுறைகூட அணியவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே ஆய்வு இன்று கமிட்டி முன் வந்தால், முதல் கேள்வியே "இவர்களுக்கு என்ன சொல்வீர்கள், முடிவு தெரிந்தபின் இவர்களை யார் பார்ப்பார்கள்?" என்பதாகத்தான் இருக்கும். ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை வழிகாட்டுதல் இந்த விஷயத்தில் நமக்கு அடிப்படை ஆவணம். தடிமனைப் பார்த்துப் பயப்படாமல், சம்மதம் பற்றிய பகுதியையும், எந்த ஆய்வுக்கு முழுக் கமிட்டி வேண்டும், எதற்கு விரைவுப் பரிசீலனை போதும் என்ற பகுதியையும் மட்டுமாவது படியுங்கள்.

கமிட்டி மாதம் ஒருமுறையோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். தேதியை விட்டால் பிஜி வாழ்க்கையில் ஒரு பெரிய துண்டு போய்விடும். செயலாளர் அலுவலகத்தில் அடுத்த மூன்று கூட்டத் தேதிகளையும் விண்ணப்பக் கடைசி நாளையும் முதலில் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

தமிழ்ச் சம்மதப் படிவம்தான் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது. ஆங்கிலத்தில் எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, "தன்னார்வப் பங்கேற்பாளராகிய நான்" என்று தொடங்கும் ஒரு பத்திரத்தை வாங்கி வந்துவிடுகிறோம். அப்படி ஒன்றை ஒருமுறை வார்டில் ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா டாக்டரு, இதுல ரேகை வெச்சா நெலம் கைய விட்டுப் போயிடாதே?" என்றார். அன்றிலிருந்து படிவத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் வார்டு ஆயாம்மாவிடம் வாசித்துக் காட்டி, "என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்று கேட்கிறேன். 'எந்த மருந்து யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வோம்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. படிக்கத் தெரியாதவர் என்றால் கைரேகையோடு, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். "வேண்டாம்னு சொன்னாலும் உங்க வைத்தியம் அப்படியே நடக்கும்" என்ற வரியைப் படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது, வாயால் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு வருகிறவர் டாக்டரிடம் மாட்டேன் என்று சொல்லப் பயப்படுவார். அது நமக்குச் சாதகம் என்று நினைத்துவிடக் கூடாது.

மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். 2007இல் தொடங்கிய பதிவேடு இது. 2018 ஏப்ரலிலிருந்து முன்கூட்டிய பதிவு மட்டும்தான் ஏற்கப்படுகிறது. கட்டணம் இல்லை. பிஜி தீசிஸ்தானே என்று விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஜர்னலுக்கு அனுப்பும்போது பதிவு எண் கேட்டு முழித்தவர்கள் நிறைய.

டேட்டாவைக் காப்பாற்றுவது

எக்செலில் வயது என்ற கட்டத்தில் "45" என்று போடுங்கள், "45 வயது" என்று போடாதீர்கள். ஆண் ஒன்று, பெண் இரண்டு என்று குறியீடு வைத்தால் அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து உங்களுக்கே மறந்துவிடும். தெரியாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். நோயாளியின் பெயர், ஐபி (உள்நோயாளி) எண் எல்லாம் தனிக் கோப்பில் பூட்டி இருக்கட்டும், ஆய்வுக் கோப்பில் வரிசை எண் மட்டும் போதும். எபி இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம், தவறான எண்ணை உள்ளிடும்போதே தடுக்கும்படி அமைக்கலாம். பத்து நோயாளிகள் சேர்ந்ததும் ஒரு தடவை நிறுத்தி எல்லாவற்றையும் சரிபாருங்கள். நூறுக்குப் பிறகு பார்த்தால் அழுகைதான் வரும்.

எளிமையான அளவீடுகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று பார்ப்பது எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை வைத்துத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் கருவியும் விரல்நுனிக் கருவியும் இருந்தால் போதும். மாவட்டப் பயிற்சிக்குப் போகும்போது இந்தக் கண்ணோடு போங்கள், கேள்விகள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன.

எழுதுவதும் அனுப்புவதும்

அட்டவணைகளை முதலில், பிறகு செய்முறை, பிறகு முடிவுகள், அப்புறம்தான் விவாதமும் முன்னுரையும். முன்னுரையிலிருந்து தொடங்கினால் "நோயின் வரலாறு" என்று ஆறு பக்கம் ஓடிவிடும்.

பெயர் வரிசையைப் பற்றி ஆய்வு தொடங்கும்போதே பேசிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வை வடிவமைப்பதிலோ டேட்டாவைச் சேகரிப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் எழுத்தாளர். துறைத்தலைவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் சேர்க்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது என்பது ஊரறிந்த ரகசியம். பிஜியாக இருக்கும்போது அதை எதிர்த்து நின்று ஜெயிக்க முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். உழைத்த உங்கள் பெயர் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முதலிலேயே எழுத்தில் ஒரு மின்னஞ்சல் இருந்தால் அதற்கு உதவும்.

"மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் அரிய கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் படிக்காமல் போடும் ஜர்னல்கள் அவை. பதவி உயர்வுக்குப் பேப்பர் வேண்டும் என்ற அவசரத்தில்தான் நல்லவர்களும் இதில் விழுகிறார்கள். அந்த ஜர்னல், தேர்ந்தெடுத்த மருத்துவ ஜர்னல்களின் தொகுப்பான மெட்லைனில் இருக்கிறதா என்று அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். ஜர்னலின் சொந்தப் பக்கத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

நிராகரிப்பு வரும். என் முதல் பேப்பர் நான்கு இடம் போய்த்தான் நின்றது. ரிவ்யூவர் எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்துப் படித்தால் பாதி நியாயமாகத் தெரியும்.

வேலை, காசு, மேற்படிப்பு

எம்.டி. முடித்தபின் ஆய்வை வாழ்க்கையாக்கிக்கொள்ள வழிகள் சில உண்டு. மருத்துவக் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே செய்வது ஒன்று. பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் மத்திய அரசின் சுகாதார ஆய்வுத் துறையின் நிதியில் பல்துறை ஆய்வு அலகுகள் இருக்கின்றன. கருவிகளும் ஆட்களும் அங்கே உண்டு. கேட்டுப் போகிறவர்கள் குறைவு. ஐசிஎம்ஆர் நிறுவனங்களில் விஞ்ஞானியாகச் சேர்வது இன்னொன்று. சென்னையில் இரண்டு, புதுச்சேரியில் பூச்சிவழி நோய்களுக்கு ஒன்று என்று அருகிலேயே இருக்கின்றன. குழந்தை மருத்துவரான சௌம்யா சுவாமிநாதன் சென்னையின் காசநோய் நிறுவனத்தில் ஆய்வு செய்துதான் ஐசிஎம்ஆர் தலைமைக்கும், பிறகு 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி பதவிக்கும் போனார்.

முறையாகப் படிக்க விரும்பினால் என்ஐஇ நடத்தும் இரண்டு வருடப் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு நல்ல வாசல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் அதைப் படிக்கலாம். பிஎச்டி வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் எம்.டி. முடித்துப் பிறகு பிஎச்டியும் செய்தவர் ககன்தீப் காங்; ரோட்டா வைரஸ் ஆய்வுக்காக அறியப்பட்ட அவர் 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஒரே நோயைப் பதினைந்து வருடம் துரத்தும் பொறுமை இருக்கிறது என்றால் செய்யுங்கள். பெயருக்கு முன்னால் இன்னொரு டாக்டர் வேண்டும் என்றால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

காசு விஷயத்தை மறைக்க மாட்டேன். மாலையில் கிளினிக் போடும் உங்கள் பேட்ச்மேட் உங்களைவிட அதிகம் சம்பாதிப்பார், அதுவும் பல மடங்கு. முழுநேர ஆய்வுக்குப் போவதற்கு முன் வீட்டில் இதைப் பேசிவிடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் அதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள். கிராண்ட் (ஆய்வு நிதி) விண்ணப்பத்தில் ஆய்வுப் பணியாளர் சம்பளத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். டேட்டா சேர்க்க ஆள் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கி வைத்த ஆய்வுகள் பல அலமாரிகளில் தூங்குகின்றன.

வியாழன் மதியம்

டூட்டி தொடாத நேரம் என்று வாரத்தில் ஒன்று இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஞாயிறு தூங்கவும் துணி துவைக்கவும் போய்விடும். எனக்கு அது வியாழன் மதியம் இரண்டிலிருந்து ஐந்து. யாரும் எழுதிக் கொடுத்த சலுகை இல்லை. பக்கத்து யூனிட் தோழி ஒருத்தியோடு நானே பேசிக்கொண்ட ஏற்பாடு. அந்த மூன்று மணி நேரம் என் வார்டு அழைப்புகளை அவள் எடுப்பாள். பதிலுக்கு அவள் சனிக்கிழமை அட்மிஷன் டூட்டியை நான் பார்ப்பேன். லைப்ரரியின் கடைசி மேஜையில், போனைப் பையில் போட்டுவிட்டு உட்காருவேன். முதல் இரண்டு மாதம் நான்கு வியாழனில் ஒன்றுதான் முழுதாகக் கிடைத்தது. ஆறாவது மாதத்தில் வார்டு சிஸ்டரே, "மேடம், இன்னிக்கு வியாழன், கிளம்பலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்.